பிரிண்டர் டோனர் பூட்டு: வெளில வர்றதுக்கு என்ன பண்ணணும், எந்த வரிசைல பண்ணணும்

ரெண்டு மாசமா ஒழுங்கா ஓடிட்டிருந்த கம்பாட்டிபிள் டோனரை, அதாவது வேற கம்பெனி செஞ்ச லேசர் பிரிண்டர் பவுடர் கார்ட்ரிட்ஜை, ஒரு நாள் காலைல என் பிரிண்டர் தெரியவே தெரியாதுன்னு சொல்லிருச்சு. முந்தின நாள் ராத்திரி வரைக்கும் அதே டோனர்ல தான் பக்கம் பக்கமா எடுத்தேன், கார்ட்ரிட்ஜைக் கழட்டவும் இல்ல கைவைக்கவும் இல்ல, ராத்திரியோட ராத்திரியா பிரிண்டர் தானே ஒரு அப்டேட்டைப் போட்டுக்கிச்சு, அவ்வளவு தான் நடந்தது. இப்படி பிரிண்டரே டோனரை ஏத்துக்காம தடுக்கிறதைத் தான் பூட்டுங்கிறேன். அது புரியாம நான் இன்னொரு கம்பாட்டிபிள் வாங்கி, அதுவும் ஓடாம, கடைசில ஒரிஜினல் ஒண்ணும் வாங்கி, ஒரே வாரத்துல மூணு கார்ட்ரிட்ஜ் காசு போச்சு. அப்புறம் உக்காந்து ஒவ்வொண்ணா நோண்டிப் பாத்தப்ப தான் தெரிஞ்சுது, நான் பண்ணதெல்லாம் சரி தான், வரிசை தான் தப்பு. அதனால இத வரிசையாவே எழுதுறேன், நடுவுல தாவாம படிங்க.

ஒண்ணு மட்டும் முதல்லயே. சொந்தமா வாங்கின பிரிண்டருக்கு தான் இது. வாடகைக்கு எடுத்தது, ஆபிஸ் காண்ட்ராக்ட்ல வந்ததுன்னா ஒப்பந்தத்துல என்ன எழுதியிருக்குன்னு பாக்காம கை வைக்காதீங்க.

1. எதையும் வாங்குறதுக்கு முன்னாடி அப்டேட்டை நிறுத்துங்க

இதத்தான் எல்லாரும் கடைசில பண்றாங்க, நானும் அப்படித்தான். பிரிண்டர் வைஃபைல இருந்தா அதோட ஐபி நம்பரை பேனல்லயே நெட்வொர்க் மெனுல பாக்கலாம், இல்ல ஒரு செட்டிங்ஸ் பக்கம் பிரிண்ட் எடுத்தா அதுல இருக்கும். அந்த நம்பரை அப்படியே பிரவுசர்ல அடிச்சா பிரிண்டரோட உள் பக்கம் திறக்கும். பாஸ்வேர்டு கேட்டா நிறைய மாடலுக்கு மெஷின் பின்னாடியோ அடியிலயோ ஒட்டின ஸ்டிக்கர்ல இருக்கும். உள்ள போய் ஃபர்ம்வேர் (பிரிண்டருக்குள்ளயே இருக்கிற சாஃப்ட்வேர்) அப்டேட்டுன்னு இருக்கிறதைத் தேடி, தானா அப்டேட் ஆகுறதை ஆஃப் பண்ணுங்க. சும்மா 'அப்டேட் இருக்கா'ன்னு செக் பண்ற ஆப்ஷனையும் சேத்து ஆஃப் பண்ணிடுங்க.

எனக்கு இதுமட்டும் போதும்னு தோணல, அதனால ரவுட்டர்லயும் பிரிண்டருக்கு இன்டர்நெட் போகாம தடுத்து வச்சிருக்கேன். வீட்டுக்குள்ள இருக்கிற கம்ப்யூட்டர்ல இருந்தும் போன்ல இருந்தும் பிரிண்ட் எப்பவும் போல வரும், வெளில மட்டும் போகாது. ரவுட்டர்ல அந்த வசதி இல்லன்னா பிரிண்டருக்கு நிலையான ஐபி குடுத்து கேட்வே (வெளில போற வழியோட நம்பர்) இடத்தைக் காலியா விட்டுப் பாருங்க, அதுவும் பெரும்பாலும் வேலை செய்யும். இதுல போறது என்னன்னா இமெயில் அனுப்பி பிரிண்ட் எடுக்கிறது மாதிரி இன்டர்நெட் வழி வசதிகள். எனக்கு அது தேவைப்பட்டதே இல்ல.

இதுல ரெண்டு பொறி இருக்கு. வைஃபையே வேணாம், யூஎஸ்பி கேபிள்ல தான் வச்சிருக்கேன், எனக்கென்னன்னு இருக்காதீங்க, கம்ப்யூட்டர்ல போட்டிருக்கிற பிரிண்டர் சாஃப்ட்வேரும் போன் ஆப்பும் 'முக்கியமான அப்டேட்'னு ஒரு பெட்டி காட்டும், அவசரத்துல ஓகே குடுத்தா கேபிள் வழியாவே ஏறிடும். அடுத்து, என்னைக்காவது ஃபேக்டரி ரீசெட் பண்ணீங்கன்னா அப்டேட் மறுபடி ஆன் ஆயிருக்கும், போய்ப் பாத்துக்கோங்க.

ஏற்கனவே அப்டேட் ஆயிடுச்சா? பழைய ஃபர்ம்வேருக்குத் திரும்பப் போறதை நிறைய மாடல்ல அடைச்சு வச்சிருக்காங்க. இன்டர்நெட்ல கிடைக்கிற ஏதோ ஒரு ஃபைலைப் போட்டு முயற்சி பண்ணா பாதில நின்னு மெஷினே செத்துப்போற வாய்ப்பு இருக்கு. அந்த வழி வேணாம், 5-ம் 6-ம் உங்களுக்கு தான்.

2. எந்தப் பூட்டுன்னு கண்டுபிடிங்க

எல்லா பிரிண்டரும் ஒரே மாதிரி பூட்டுறது இல்ல. மூணு விதம் இருக்கு, உங்களோடது எதுன்னு தெரியாம காசு போட்டா என்னை மாதிரி தான்.

முதல் விதம் கணக்குப் பூட்டு. இதுல கார்ட்ரிட்ஜ்ல எலக்ட்ரானிக்ஸே இருக்காது. உள்ள பவுடரை எடுத்துக் குடுக்கிற டெவலப்பர் ரோலர் எத்தனை சுத்து சுத்துச்சுன்னு பிரிண்டர் எண்ணிட்டே இருக்கும், கணக்கு முடிஞ்சதும் 'டோனரை மாத்து'ன்னு சொல்லிடும். பிரதர் மோனோ (கருப்பு வெள்ளை) லேசர்கள்ல நிறைய மாடல் இப்படித்தான், ஆனா புதுசா வர்ற சில மாடல்ல அவங்களும் சிப் வைக்கிறாங்க. இங்க ஒரு விஷயம் மண்டைல ஏத்திக்கோங்க, தீர்ந்துடுச்சுன்னு சொல்றது அளந்து பாத்து சொல்றது இல்ல, எண்ணிப் பாத்து சொல்றது. நீங்க ஒரு ஒரு பக்கமா எடுக்கிற ஆளா இருந்தா ஒவ்வொரு தடவையும் ரோலர் சுத்த ஆரம்பிச்சு நிக்கிறதுக்கே தனியா சுத்து ஆகும், அதனால பவுடர் மிச்சம் இருக்கப்பவே கணக்கு முடிஞ்சிடும்.

ரெண்டாவது சிப் பூட்டு. கார்ட்ரிட்ஜ் பக்கவாட்டுல நகத்தளவுக்கு ஒரு சின்ன போர்டு, அதுல தங்க நிறத்துல சில புள்ளிகள். எச்பி, லெக்ஸ்மார்க், சாம்சங்னு நிறைய பேர் இதான். சிப் யாரு செஞ்சது, டோனர் எவ்வளவு மிச்சம், சிலதுல எந்த நாட்டுப் பகுதிக்கு வித்ததுன்னு கூட அதுல எழுதியிருக்கும். வெளிநாட்டுல இருந்து மலிவா ஒரிஜினலே வாங்கிட்டு வந்தும் ஓடலன்னா பகுதிப் பூட்டா இருக்கலாம்.

மூணாவது தான் ஃபர்ம்வேர் பூட்டு, என்னைக் கவுத்தது. சிப் நேத்து செல்லும், இன்னைக்கு செல்லாது, ஏன்னா சரிபாக்கிற முறையை அப்டேட்ல மாத்திட்டாங்க. எச்பி இதுக்கு டைனமிக் செக்யூரிட்டின்னு பேரே வச்சிருக்கு. அவங்களே சொல்றது, எச்பியோட சிப் இருக்கிற கார்ட்ரிட்ஜ், அது புது சிப்பா இருந்தாலும் சரி திரும்பப் பயன்படுத்தின பழைய சிப்பா இருந்தாலும் சரி, வேலை செய்யும், வேற சிப் இருந்தா தடுக்கப்படலாம்ங்கிறது தான். அந்த 'திரும்பப் பயன்படுத்தின' வார்த்தையை ஞாபகம் வச்சுக்கோங்க, 6-ல அதுதான் கதாநாயகன்.

சிப் இருக்கான்னு கார்ட்ரிட்ஜைக் கழட்டி ஒரு நிமிஷம் பாத்தாலே தெரிஞ்சிடும். பேனல்ல வர்ற மெசேஜை வார்த்தை மாறாம எழுதி வச்சுக்கோங்க, போட்டோ எடுத்தா இன்னும் நல்லது. 'குறைவு' வேற, 'மாத்து' வேற, 'பொருந்தாது' வேற.

3. கைல வச்சுக்க வேண்டிய பேப்பர்

இது போரான வேலை தான், ஆனா பதினஞ்சு நிமிஷத்துல முடிஞ்சிடும். பிரிண்டர் வாங்கின பில், வாரண்டி கார்டு, இன்னைக்கு தேதில எடுத்த செட்டிங்ஸ் பக்கம் (முழு மாடல் நம்பர், சீரியல் நம்பர், ஃபர்ம்வேர் வெர்ஷன், இதுவரைக்கும் எத்தனை பக்கம் ஓடிருக்கு எல்லாம் அதுல இருக்கும்), அப்புறம் கார்ட்ரிட்ஜ் வாங்கின பில். கடைக்காரர்கிட்ட 'ஓடல'ன்னு சொன்னா முதல்ல கேக்கிறது ஃபர்ம்வேர் வெர்ஷன் தான், கைல பேப்பர் இருந்தா பேச்சு அஞ்சு நிமிஷத்துல முடியும்.

மாடல் நம்பர்ல கடைசி எழுத்து வரைக்கும் பாருங்க. எச்பில கடைசில 'e' எழுத்து வர்ற மாடல்கள் எச்பி பிளஸ் திட்டத்துக்காக வந்தது. அந்தத் திட்டத்துல சேந்தா எப்பவும் இன்டர்நெட்ல இருக்கணும், ஒரிஜினல் தான் போடணும், ஒருதடவை ஒத்துக்கிட்டா பின்வாங்க முடியாது. புதுசா பிரிண்டர் வாங்கி பெட்டியைப் பிரிக்கிறவங்க செட்டப்ல வர்ற ஒவ்வொரு 'சம்மதம்' பட்டனையும் படிச்சுட்டு அழுத்துங்க, கூடுதல் வாரண்டி தர்றேன், இலவசமா டோனர் தர்றேன்னு தான் ஆரம்பிக்கும். மாசச் சந்தாவுல வர்ற கார்ட்ரிட்ஜும் அப்படித்தான், சந்தாவை நிறுத்தினா உள்ள நிறைய இருந்தாலும் ஓடாது, அது உங்க சொத்து கிடையாது.

வாரண்டி போயிடுமோங்கிற பயம் எல்லாருக்கும் இருக்கும். அமெரிக்காவுல 1975-ல வந்த மேக்னசன் மாஸ் சட்டப்படி, எங்க டோனர் போட்டா தான் வாரண்டின்னு கம்பெனி நிபந்தனை வைக்க முடியாது, ஆனா வெளி டோனர் கொட்டி மெஷின் கெட்டதுன்னா அந்த ரிப்பேருக்கு மட்டும் அவங்க மறுக்கலாம். வித்த கார்ட்ரிட்ஜ் மேல பேட்டன்ட் உரிமையை வச்சு கம்பெனி தொடர்ந்து கட்டுப்பாடு போட முடியாதுன்னும் அங்க சுப்ரீம் கோர்ட் 2017-ல லெக்ஸ்மார்க் வழக்குல சொல்லிருச்சு. மத்த நாடுகள்ல சட்டம் வேற வேற, அதனால உங்க வாரண்டி கார்டுல என்ன எழுதியிருக்குங்கிறதைப் படிச்சுடுங்க. வாரண்டி முடிய ஒண்ணு ரெண்டு மாசம் தான் பாக்கின்னா அதுவரைக்கும் பொறுத்துக்கிறதும் ஒரு வழி.

4. 'தீர்ந்துடுச்சு'ன்னு சொன்னதும் வாங்க ஓடாதீங்க

கார்ட்ரிட்ஜைக் கழட்டி, கிடைமட்டமா பிடிச்சு, இடமும் வலமும் மெதுவா அஞ்சாறு தடவை ஆட்டிப் போடுங்க. எழுத்து மங்காம வந்துச்சுன்னா உள்ள சரக்கு இருக்கு.

அடுத்து மெனு. பிரதர்ல 'டோனர் மாத்து'ங்கிறதுக்குக் கீழ நிறுத்து, தொடர்ன்னு ரெண்டு இருக்கும், 'தொடர்' போட்டா எழுத்து மங்குற வரைக்கும் ஓடும். எச்பி லேசர்ல பிரவுசர் பக்கத்துல சப்ளை செட்டிங்ஸ் போனா 'மிகக் குறைவு' ஆனதும் நிறுத்தணுமா, கேக்கணுமா, தொடரணுமான்னு மூணு இருக்கும், தொடர்ன்னு வைங்க. அதே பக்கத்துல கார்ட்ரிட்ஜ் பாலிசி, கார்ட்ரிட்ஜ் புரொடெக்ஷன்னு ரெண்டு இருந்தா ரெண்டையும் ஆஃப் பண்ணுங்க. பாலிசி ஆன்ல இருந்தா ஒரிஜினலைத் தவிர எதையும் ஏத்துக்காது. புரொடெக்ஷன் ஆன்ல இருந்தா நீங்க போட்ட ஒரிஜினல் கார்ட்ரிட்ஜ் அந்த ஒரு மெஷினுக்கே கட்டுப்பட்டுடும், பின்னாடி ஆஃப் பண்ணாலும் ஏற்கனவே கட்டினது கட்டினது தான், இன்னொரு பிரிண்டர்ல போட முடியாது.

கணக்குப் பூட்டு மெஷின்ல கணக்கை சைபர் பண்ணிக்கலாம். புது கார்ட்ரிட்ஜோட பக்கத்துல ஒரு சின்ன பல்சக்கரம் இருக்கும், உள்ள போட்டதும் அது ஒரு சுத்து சுத்தி 'புதுசு வந்திருக்கு'ன்னு மெஷினுக்கு சொல்லும். ரீஃபில் பண்ணா அந்தச் சக்கரத்தை மறுபடி ஆரம்ப நிலைக்குத் திருப்பி வைக்கணும், இல்லன்னா முன் கதவைத் திறந்து வச்சுக்கிட்டு சில பட்டன்களை அழுத்தி மெனு வழியா ரீசெட் பண்ணணும், மாடலுக்கு மாடல் பட்டன் வேற, உங்க முழு மாடல் நம்பரைப் போட்டுத் தேடுங்க. பொறி என்னன்னா பிரிண்டரோட கூடவே வர்ற ஸ்டார்ட்டர் கார்ட்ரிட்ஜ்ல அந்தச் சக்கரமே இருக்காது, அத ரீஃபில் பண்ணிட்டு ஏன் ரீசெட் ஆகலன்னு ராத்திரி முழுக்க உக்காந்தவங்க உண்டு. ட்ரம் (பவுடரைப் பேப்பருக்கு மாத்துற உருளை) கணக்கு தனி, டோனர் கணக்கு தனி, அதையும் குழப்பிக்காதீங்க. 'ட்ரம்மை மாத்து'ன்னு வந்ததுக்கு டோனர் வாங்கிட்டு வந்து போட்டா மெசேஜ் போகாது.

சிப் இல்லன்னா மெஷின் கெட்டுப்போகும்னு யாராவது பயமுறுத்தினா இதச் சொல்லுங்க. 2022 ஜனவரில உலகம் முழுக்க சிப் தட்டுப்பாடு வந்தப்ப கேனன் கம்பெனியே ஐரோப்பாவுல சிப் இல்லாம டோனர் வித்துச்சு. எச்சரிக்கை வந்தா மூடிட்டு தொடருங்க, பிரிண்ட் தரம் குறையாது, டோனர் அளவு காட்டுறது மட்டும் சரியா வராம போகலாம்னு அவங்களே வாடிக்கையாளர்களுக்கு வழி சொன்னாங்க.

5. என்ன வாங்குறது, என்ன செலவு

புது கம்பாட்டிபிள்னா வேற கம்பெனி புதுசா செஞ்ச கூடு, புது நகல் சிப். ரீமேனுஃபாக்சர்ட்னா ஒரிஜினல் கூட்டைக் கழட்டி சுத்தம் பண்ணி தேஞ்சதை மாத்தி பவுடர் ரொப்பினது. ஃபர்ம்வேர் பூட்டு இருக்கிற மெஷினுக்கு நான் சொல்றது ரெண்டாவது தான், அதுவும் ஒரிஜினல் சிப் அப்படியே இருக்கான்னு கேட்டுட்டு. பதில் மழுப்பலா வந்தா அடுத்த கடை.

பெட்டி மேல போட்டிருக்கிற பக்கக் கணக்கு மோனோ டோனருக்கு ஐஎஸ்ஓ 19752-ங்கிற முறைப்படி அளக்கிறது, ஒரு பக்கத்துல கிட்டத்தட்ட 5 சதவீதம் தான் கருப்பு இருக்கும்னு வச்சுக்கோங்க. நீங்க படம், டேபிள்னு எடுத்தா அவ்வளவு வராது.

விலையைப் பாக்காதீங்க, ஆயிரம் பக்கத்துக்கு என்ன ஆகுதுன்னு பாருங்க. ஒரு உதாரணக் கணக்கு: ஒரிஜினல் விலையை 100-ன்னு வச்சுக்கிட்டு 3000 பக்கம் வருதுன்னா ஆயிரத்துக்கு 33. கம்பாட்டிபிள் 35, பெட்டில 3000 போட்டிருந்தாலும் 2200 தான் வந்துச்சுன்னு வச்சா ஆயிரத்துக்கு 16. சரி, நாலு வாங்கினா ஒண்ணு சுத்தமா வீணாப் போகுதுன்னே வச்சுப்போம், 140 குடுத்து 6600 பக்கம், ஆயிரத்துக்கு 21. அப்பவும் லாபம் தான். ஆனா நீங்க வருஷத்துக்கே 300 பக்கம் தான் எடுக்கிறீங்கன்னா இந்த அவஸ்தை எதுக்கு, ஒரு ஒரிஜினலைப் போட்டுட்டு நிம்மதியா இருங்க.

மொத்தமா அஞ்சு ஆறு வாங்கி அடுக்காதீங்க. தள்ளுபடி தர்றாங்கன்னு நான் முன்னாடியே வாங்கி வச்ச ஒண்ணு அலமாரிலயே செத்துப்போச்சு, அப்டேட்டுக்கு முந்தின சிப்.

6. பழைய சிப்பைத் தூக்கிப் போடாதீங்க

மெஷினோட வந்த கார்ட்ரிட்ஜ், நடுவுல வாங்கின ஒரிஜினல், எதுவா இருந்தாலும் அதோட சிப் தங்கம். சிப் இல்லாத கம்பாட்டிபிள் கூடு தனியா விக்கிறாங்க, இன்னும் மலிவு. பழைய கார்ட்ரிட்ஜ்ல இருந்து சிப்பை எடுத்து அதுல ஒட்டிடலாம்.

எப்படின்னா, முதல்ல சிப் எந்தப் பக்கம் பாத்து உக்காந்திருக்குன்னு போட்டோ எடுங்க. சில மாடல்ல சிப் ஒரு பள்ளத்துல நழுவி உக்காந்திருக்கும், சிலதுல பிளாஸ்டிக்கை உருக்கி மூடியிருப்பாங்க. மெல்லிய கட்டர் பிளேடால ஓரத்து பிளாஸ்டிக்கை மட்டும் சீவுங்க, சிப்பைக் கீழ இருந்து நெம்பாதீங்க, உடைஞ்சா முடிஞ்சுது. தங்கப் புள்ளியை விரலால தொடாதீங்க, தொட்டுட்டா உலர்ந்த துணில துடைங்க. புதுக் கூட்டுல வச்சு மெல்லிய ரெட்டைப் பக்க டேப்பால ஒட்டுங்க. அரை மில்லிமீட்டர் நகந்தாலும் 'கார்ட்ரிட்ஜ் இல்ல'ன்னு சொல்லும், பயப்படாம நகத்திப் பாருங்க. முதல் தடவை எனக்கு முக்கால் மணி நேரம் ஆச்சு, இப்ப அஞ்சு நிமிஷம்.

போட்டதும் அளவு 'மிகக் குறைவு'ன்னே காட்டும், ஏன்னா சிப்புக்கு கூடு மாறினது தெரியாது. அதுக்கு தான் 4-ல 'தொடர்' வைக்கச் சொன்னேன். ஆனா இது எல்லா பிராண்டுக்கும் நடக்காது, சில கம்பெனி சிப் தீர்ந்ததும் தன்னையே நிரந்தரமா மூடிக்கும், அதுக்கு புது மாத்து சிப் தான் வாங்கணும்.

அளவு காட்டாதேன்னா ஒரு வழி வச்சிருக்கேன், சமையல் தராசு. புதுசா போடுறப்ப கார்ட்ரிட்ஜை எடை போட்டு மேலயே எழுதிடுங்க, அப்புறம் அப்பப்ப எடை பாத்தா எவ்வளவு போச்சுன்னு தெரியும். ட்ரம்மும் டோனரும் ஒண்ணா இருக்கிற வகைல கழிவு பவுடர் உள்ளயே தங்கும், அதனால கணக்கு கொஞ்சம் ஏமாத்தும், ஆனாலும் குத்துமதிப்பா போதும்.

7. நீங்களே ரீஃபில் பண்றதா இருந்தா

உண்மையைச் சொல்லணும்னா புதுசா வர்றவங்களுக்கு நான் இத சிபாரிசு பண்ண மாட்டேன். டோனர்ங்கிறது மை இல்ல, மைக்ரான் கணக்குல அரைச்ச பிளாஸ்டிக் தூள். எந்த கருப்புப் பவுடரும் எதுலயும் ஓடாது, எச்பி மோனோல காந்தத்துல ஒட்டுற வகை, பிரதர்ல ஒட்டாத வகை, மாத்திப் போட்டா கார்ட்ரிட்ஜ் காலி. உங்க மாடல் பேரைப் போட்டு விக்கிறதை மட்டும் வாங்குங்க.

பண்ணியே தீருவேன்னா காத்து அடிக்காத, ஆனா ஜன்னல் இருக்கிற இடத்துல நியூஸ்பேப்பர் விரிச்சு, மாஸ்க், கையுறை போட்டுக்கோங்க. ட்ரம்மை வெளிச்சத்துல காட்டாதீங்க, துணி போட்டு மூடுங்க. கழிவுப் பெட்டியைக் காலி பண்ணுங்க, அதுல இருக்கிறதை மறுபடி உள்ள போடாதீங்க. கொட்டிட்டா வீட்டு வேக்குவம் கிளீனர் வேணாம், அவ்வளவு பொடிசா இருக்கிறதை அதோட ஃபில்டர் பிடிக்காம பின்பக்கமா ஊதித் தள்ளிடும். ஈரத்துணியால ஒத்தி எடுங்க. துணில பட்டா உதறிட்டு பச்சத்தண்ணி தான், சுடுதண்ணி ஊத்தினா கறை போகவே போகாது.

8. வந்த அன்னைக்கே ஓட்டிப் பாருங்க

திருப்பிக் குடுக்கிற கெடு எத்தனை நாள்னு பில்லுல பாருங்க. டோனர் கைக்கு வந்த அன்னைக்கே போட்டு ஒரு இருபது முப்பது பக்கம் எடுங்க, பழசு இன்னும் ஓடுதுன்னு புதுசைப் பெட்டியோட வச்சீங்கன்னா கெடு தாண்டிடும். 'ஒரிஜினல் இல்ல'ன்னு மட்டும் மெசேஜ் வந்து ஓகே குடுத்தா ஓடுதுன்னா பிரச்சனையே இல்ல. 'பொருந்தாது'ன்னு நின்னா சிப்பைத் துடைச்சு, மெஷினை பவர்ல இருந்து கழட்டி ஒரு நிமிஷம் விட்டு மறுபடி போடுங்க. அதுக்கும் அசையலன்னா திருப்பி அனுப்புங்க, மெசேஜ் போட்டோவோட.

கறை இருந்தா ஸ்கேலை எடுங்க. ஒரே புள்ளி பக்கத்துல திரும்பத் திரும்ப வந்தா ரெண்டுக்கும் நடுவுல அளங்க. எச்பில சின்ன லேசர்கள்ல 75 மில்லிமீட்டர் இடைவெளி, பிரதர்ல 94 மில்லிமீட்டர்னா அது ட்ரம் ஒரு சுத்து சுத்துற தூரம், ட்ரம்ல கீறலோ தூசியோ ஒட்டியிருக்கு. எச்பி மாதிரி ட்ரம்மும் சேந்தே வர்ற கார்ட்ரிட்ஜ்னா கடைக்காரர் பொறுப்பு, பிரதர்ல ட்ரம் தனி, உங்களோடது. பக்கம் முழுக்க சாம்பல் பூத்த மாதிரி இருந்தா பவுடர் சரியில்ல. விரலால தேச்சா எழுத்து உதிருதுன்னா பவுடர் உருகல, பேப்பர் வகையைத் தடிமன்னு மாத்திப் பாருங்க, அப்பவும் உதிர்ந்தா திருப்பிடுங்க, ஏன்னா உதிர்றது மெஷினுக்குள்ளயும் சேரும்.

என்னோட முதல் ஒரிஜினல் சிப் இப்ப நாலாவது கூட்டுல ஓடிட்டிருக்கு. பேனல்ல இன்னும் 'மிகக் குறைவு'ன்னு தான் காட்டுது.